சண்டை அரங்கேற்றம்

அன்று மண்டபத்தில் இருந்தவர்கள்: முதல் வரிசையில் பலசரக்குக் கடை முதலாளி இராஜரட்ணம், பட்டு வேட்டிக்கு மேல் கோட்டு, பக்கத்தில் மனைவி குணவதி, மகனுக்குக் கண்ணூறு படக்கூடாது என்று காலையில் இருந்தே எதையோ முணுமுணுத்துக்கொண்டு, அவர்களுக்குப் பின்னால் முந்நூறுக்குக் குறையாத சனம், பாதிப் பேருக்குச் சாப்பாட்டில் கண், மீதிப் பேருக்கு வாசலில் கண், ஒலிவாங்கியைக் கட்டிப் பிடித்தபடி ஸ்ரீதரன், வானொலியில் மரண அறிவித்தல் வாசித்தே பெயரெடுத்தவர், கழுத்தில் விசில் தொங்க சண்முகநாதன் மாஸ்ரர், யாழ்ப்பாணத்தில் கரப்பந்தாட்ட நடுவராக இருந்தவர், கடைசி வரிசையில், அழைப்பிதழ் இல்லாமல் வந்து உட்கார்ந்த யூஜினி. மேடையில், வாடகைக்கு எடுத்த மெத்தைகளின் மேல், இரண்டு பேர். ஒருவன் முதலாளியின் மகன் பிரவீனன். மற்றவன் யூஜினியின் தம்பி சூசைதாசன், பிரவீனனிடம் தோற்பதற்காக அங்கே நிறுத்தப்பட்டவன். மேடையின் ஓரத்தில், நட்டுவாங்கம் செய்கிறவர்கள் வழக்கமாக இருக்கும் இடத்தில், பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக 'குரு' அன்ட்ரூ.

இத்தனை பேரில் சண்டை என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் அன்ட்ரூவும் சூசையும் மட்டும்தான். பிரவீனனுக்குத் தெரியாது. ஆனால் தனக்குத் தெரியும் என்று அவன் முழுசாக நம்பியிருந்தான். அப்படி நம்பும்படி அவனை வளர்த்து வைத்திருந்தார்கள்.

அன்ட்ரூ மன்னார்ப் பக்கத்துப் பேசாலைக்காரன். பத்தொன்பது வயதில் ஜேர்மனிக்குப் போய், ஒரு சின்ன ஊரின் அகதி விடுதியில் கிடந்தபோது, ஜூடோ பழகினான். வீரத்தால் இல்லை. விடுதியில் ஹீட்டர் வேலை செய்வதில்லை, ஜூடோ கிளப்பில் வேலை செய்தது. கனடாவுக்கு வந்த பிறகு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை, வேலை முடிய ஒரு மல்யுத்தக் கூடத்தில் வெள்ளையர்களோடு கட்டிப் புரளுதல். கூண்டுக்குள் இரண்டு பேரை விட்டு, குத்து, உதை, பிடி எல்லாம் செல்லும் என்று அடிபட வைக்கும் சண்டைகள் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தன. ஒன்ராறியோவில் அதற்கு அனுமதி இல்லை. மொன்றியலுக்குப் பக்கத்தில் பூர்வகுடிகளின் நிலம் ஒன்றில் நடக்கும். தொண்ணூற்றாறாம் ஆண்டு அன்ட்ரூ அங்கே போய் இறங்கினான்.

முதல் சண்டை, நிலத்தில் விழுந்தால் என்ன செய்வதென்று தெரியாத ஒரு கராத்தேக்காரனோடு. இரண்டாவது, முதல் நாள் குடித்த குடி இன்னும் இறங்காத ஒரு மதுக்கடைக் காவலாளியோடு. இரண்டிலும் வென்றான். உடனே ரொறன்ரோவின் தமிழ் வாரப் பத்திரிகைகளில் ஒன்று அவனுடைய படத்தைப் போட்டது. 'மன்னார்ப் புலி' என்று தலைப்புப் போட ஆசிரியருக்குப் பயம். 'சிங்கம்' என்று போட அதைவிடப் பயம். யோசித்து யோசித்து 'மன்னார்க் காளை' என்று போட்டார். காளை அதன் பிறகு ஒழுங்காகச் சண்டை தெரிந்த மூன்று பேரைச் சந்தித்தது, மூன்று பேரிடமும் தோற்றது. கடைசித் தோல்வியில் இடது கண்ணுக்குள் ஏதோ கிழிந்து, இனிக் கூண்டுக்குள் போனால் பார்வை போய்விடும் என்று டொக்டர் சொன்னார். தோல்விகளைப் பத்திரிகை போடவில்லை. அதனால் ஸ்காபரோத் தமிழர்களைப் பொறுத்தவரை அன்ட்ரூ தோற்காதவன். தோற்காத ஒருவன் சண்டையை விட்டால் பயிற்சியாளன் ஆகிவிடுவான். அன்ட்ரூவும் ஆனான்.

இடம் கொடுத்தது இராஜரட்ணம். மார்க்கம் வீதியில் இருந்த தன்னுடைய கடையின் நிலக்கீழ் அறையில், அரிசி மூட்டைகளுக்கும் தேங்காய்ப் பெட்டிகளுக்கும் நடுவே ஒரு சதுரத்தை ஒதுக்கி விட்டார். அந்த நாட்களில் கத்தியும் பொல்லுமாகத் திரிந்த பொடியன்கள் கடை கடையாகப் புகுந்து மிரட்டிக்கொண்டிருந்தார்கள். கடைக்குக் கீழே அடிபிடிக்காரர்கள் வேர்க்க வேர்க்க நிற்பது நல்ல காவல் என்று இராஜரட்ணம் கணக்குப் போட்டார். வாடகை கேட்கவில்லை. அதற்குப் பதிலாக, கொண்டெயினர் வரும் நாட்களில் மூட்டைகளை இறக்குவது அன்ட்ரூவின் ஆட்கள்தான். அன்ட்ரூ அதற்கு 'வோர்ம் அப்' என்று பெயர் வைத்தான். பெயர் வைத்து விட்டால் கூலிவேலை பயிற்சியாகிவிடும் என்று அவன் நம்பினான். ஆட்களும் அவன் முகத்துக்காக நம்புகிற மாதிரி நடித்தார்கள்.

அந்த ஆட்களில் உருப்படியானவன் சூசைதாசன் ஒருவன். ஊர்காவற்றுறைப் பக்கம். பகலில் ஒரு இத்தாலியன் உணவகத்தில் கோப்பை கழுவுவான், மாலையில் வந்து அடிபடுவான். வாய் பேசமாட்டான். இரண்டு வருடம் ஒரு நாள் தவறாமல் வந்து, அன்ட்ரூவுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, அன்ட்ரூவுக்குத் தெரியாத சிலதையும் எங்கேயோ வீடியோ பார்த்துத் தேடிக்கொண்டான். கடைசியில் மொன்றியல் ஏற்பாட்டாளன் லுக் என்பவன் அவனைப் பார்த்து, நவம்பர் மாதக் காட்சியில் ஒரு சண்டை தந்தான். எதிராளி, மரம் வெட்டும் பட்டறையில் வேலை செய்யும் ஒரு கியூபெக்காரன். முந்தைய இரண்டு எதிராளிகளையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவன். சூசைக்கு அந்தச் சண்டையைத் தவிர வேறெதுவும் வாழ்க்கையில் வாய்க்கவில்லை. அதை வென்றால் அடுத்தது வரும், கோப்பை கழுவும் வேலையை விடலாம். தோற்றாலும் ஒரு தரம் நின்றான் என்று இருக்கும். அன்ட்ரூவுக்கும் அதேதான். சூசை வென்றால்தான் அன்ட்ரூ உண்மையான பயிற்சியாளன்.

பிரவீனன் அங்கே வந்தது எட்டு மாதங்களுக்கு முன்னால். யூனியன்விலில் இருந்து தகப்பனின் காரில் வருவான். நல்ல உடம்பு. கண்ணாடி முன்னால் வளர்த்த உடம்பு. முதலாளியின் மகன் என்பதால் எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அடிபட்டார்கள். அன்ட்ரூ அதைக் கண்டும் காணாத மாதிரி இருந்தான். எட்டு மாதம் தோற்காமல் இருந்தால் எந்த மடையனுக்கும் தான் ஒரு வீரன் என்று தோன்றும். பிரவீனன் மடையன் இல்லை, அவனுக்கு இன்னும் வேகமாகத் தோன்றியது.

செப்டெம்பர் மாதம் ஒரு நாள் இராஜரட்ணம் அன்ட்ரூவைக் கடைக்கு மேலே இருந்த அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். அங்கே குணவதியும் இருந்தார். போன வருடம் மகள் அட்சயாவுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம் செய்தார்கள். அதன் அல்பத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார்கள். மகளுக்குச் செய்துவிட்டு மகனுக்குச் செய்யாமல் விட்டால் சனம் கதைக்கும் என்றார் குணவதி. அதே மண்டபம், அதே வீடியோக்காரர், அதே சாப்பாட்டுக்காரர். அழைப்பிதழ் மட்டும் வேறு. அதில் 'தற்காப்புக் கலை அரங்கேற்றம்' என்று இருந்தது. சட்டப்படி இது போட்டி இல்லை, செய்து காட்டல்தான் என்று அவர்களுக்குத் தெரிந்த ஒரு வழக்கறிஞர் சொல்லிவிட்டாராம்.

அன்ட்ரூ அல்பத்தைப் புரட்டினான். சிரிப்பு வந்தது. அடக்கினான். அவன் எதையும் அடக்குவதில் கெட்டிக்காரன்.

"அண்ணை, நடனத்தில பிள்ளை தனிய ஆடலாம். இதில எதிர்ப்பக்கம் ஒருத்தன் நிக்கவேணும்."

"அதுக்குத்தானே உவன் சூசை நிக்கிறான்," என்றார் இராஜரட்ணம்.

"சூசை நிண்டால் பிரவீனன் நிக்கமாட்டான், அண்ணை."

"நிக்கப் பண்ணுறதுதானே தம்பி உம்மட வேலை. அரங்கேற்றத்தில பிள்ளை தடக்கி விழுந்ததா எங்கையாவது கேள்விப்பட்டனீரோ?"

பிறகு அவர் பேச்சை மாற்றுகிற மாதிரி, கீழ் அறையை வீடியோக் கடைக்காக ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பதைப் பற்றிச் சொன்னார். தான்தான், தமிழ்ப் பிள்ளைகள் பழகட்டும் என்று, இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். மகனுக்கு இந்த ஏற்பாடு தெரியவே கூடாது என்றார் குணவதி. தெரிந்தால் பிள்ளையின் மனம் உடைந்துவிடுமாம். சூசையின் மனத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அன்ட்ரூவும் கேட்கவில்லை. தேநீரைக் குடித்து முடித்து, பலகாரத் தட்டில் இருந்து ஒரு ரோல்ஸையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

அன்றைக்குக் கொண்டெயினர் வந்திருந்தது. சூசை தோளில் ஒரு மூட்டையோடு படியில் இறங்கிக்கொண்டிருந்தான். அன்ட்ரூ அவனை மூட்டையை வைக்கக்கூடச் சொல்லாமல் விஷயத்தைச் சொன்னான். அறை போனால் பயிற்சி போகும், பயிற்சி போனால் மொன்றியல் போகும் என்று அவன் சொன்ன விதத்தைக் கேட்டால், சூசைக்கு ஏதோ நன்மை செய்கிற மாதிரி இருக்கும்.

"விழவேணும்," என்றான் சூசை.

"விழத் தேவையில்லை. ரெண்டாம் ரவுண்டில கையைக் குடு. அவன் கைப்பூட்டுப் போடுவான். தோல்வி எண்டு கையால தட்டிவிடு. முடிஞ்சுது."

"சனத்துக்கு முன்னால."

"அதுகளுக்கு என்னடா தெரியும்? மத்தியானச் சாப்பாட்டுக்கு வாற சனம்."

சூசை மூட்டையை இறக்கி வைத்தான். கழுத்து வேர்வையைத் துடைத்தான்.

"அண்ணை, உங்களுக்குத் தெரியுந்தானே."

"எனக்குத் தெரிஞ்சு என்ன?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்," என்றான் சூசை. பிறகு சரி என்றான். அடுத்த மூட்டைக்காக மேலே போனான்.

அதோடு முடிந்திருந்தால் அது ஒரு கேவலமான மதியம், அவ்வளவுதான். ஆனால் அரங்கேற்றம் என்று பெயர் வைத்தவுடன் அதற்குரிய சடங்குகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. குரு மேடை ஓரத்தில்தான் உட்காரவேண்டும் என்றார் குணவதி. மேடையின் நடுவில் நின்று மறித்தால் வீடியோவில் பிள்ளையின் முகம் மறையும். அப்படியானால் நடுவர் யார் என்று அன்ட்ரூ கேட்டான். சண்முகநாதன் மாஸ்ரர் இருக்கிறாரே என்றார் இராஜரட்ணம். வடமாகாணம் முழுக்கக் கரப்பந்தாட்டம் நடத்தியவர். விசில் சொந்தமாக வைத்திருப்பவர். அன்ட்ரூ அதற்கும் தலையாட்டினான்.

அவன் செய்த ஒரே உருப்படியான காரியம், விழாவுக்கு முன் சண்முகநாதன் மாஸ்ரரைத் தனியாகக் கூப்பிட்டு, எப்போது நிறுத்தவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது. அதையும் உருப்படியாகச் செய்யவில்லை. ஒருவன் கையால் நிலத்தில் தட்டினால் விசிலை ஊதி, மற்றவனைத் தொட்டு விலக்குங்கள் என்று சொன்னான். கை நிலத்தைத் தொட்டால் விசில். மாஸ்ரருக்கு அது நன்றாகப் பிடித்தது. பந்து நிலத்தைத் தொட்டால் விசில் ஊதி நாற்பது வருடம் வாழ்ந்த மனிதர் அவர். அன்ட்ரூ சொல்ல மறந்தது ஒன்றுதான்: பூட்டில் மாட்டியவனுக்குக் கை எட்டுகிற இடம் எதுவோ, அங்கேதான் தட்டுவான். நிலமாக இருக்கலாம், எதிராளியின் காலாக இருக்கலாம்.

பிரவீனனுக்கு அவன் சரியாகச் சொல்லிக் கொடுத்திருந்தான். அதுதான் இன்னும் மோசம். எதிராளி தட்டினாலும் நடுவர் வந்து தொடும்வரை பிடியை விடாதே என்பது கூண்டுச் சண்டைக்காரர்களின் முதல் பாடம். தட்டியதை நம்பி விட்டுவிட்டு, பிறகு தட்டவே இல்லை என்று எதிராளி சாதித்ததால் சண்டையை இழந்தவர்கள் உண்டு. அன்ட்ரூவே ஒரு தரம் அப்படித்தான் தோற்றான். அந்தப் பாடத்தைப் பிரவீனன் மறக்கவில்லை. எட்டு மாதத்தில் அவன் ஒழுங்காகப் பிடித்துக்கொண்ட பாடம் அது ஒன்றுதான்.

விழா நாள் வந்தது. விளக்கேற்றினார்கள். பிரவீனன் மேடைக்கு வந்து குருவின் காலில் விழுந்தான். பட்டு வேட்டி கட்டிய அன்ட்ரூ அவனை ஆசீர்வதித்தான். ஸ்ரீதரன் ஒலிவாங்கியில் சேர, சோழ, பாண்டியரைக் கூப்பிட்டு முடித்து, மன்னார்க் காளையையும் கூப்பிட்டார். சூசைதாசனின் பெயரை ஒரு தரம் 'சூசைநாதன்' என்று சொன்னார், ஒரு தரம் சொல்லவே இல்லை.

முதல் ரவுண்டில் சூசை அடி வாங்கினான். ஒவ்வொரு அடிக்கும் மண்டபம் கத்தியது. இரண்டாம் ரவுண்டில், சொன்னபடி, பின்னால் சாய்ந்து விழுந்து, வலது கையை நீட்டிக் கொடுத்தான். பழகிய ஆள் கொடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி, அழகாகக் கொடுத்தான். பிரவீனன் அந்தக் கையைக் கட்டிப் பிடித்து, இரண்டு காலையும் சூசையின் நெஞ்சுக்கும் முகத்துக்கும் குறுக்கே போட்டு, பின்னால் சாய்ந்து இழுத்தான். பிடி சரியாக விழுந்தது. சூசை இடது கையால் தன் நெஞ்சுக்கு மேலே கிடந்த பிரவீனனின் காலில் தட்டினான்.

சண்முகநாதன் மாஸ்ரர் குனிந்து நிலத்தைப் பார்த்தார். நிலத்தில் கை இல்லை.

சூசை மறுபடி தட்டினான். விடாமல் தட்டினான். முன்வரிசையில் இருந்த பெண்கள், பிள்ளைகளை நடன வகுப்புக்கும் பாட்டு வகுப்புக்கும் ஏற்றி இறக்கியே வருடங்களைக் கழித்தவர்கள். தொடையில் கை தட்டுவதைப் பார்த்தால் அவர்களுக்கு ஒரே ஒரு பொருள்தான் தெரியும். அவர்களும் சேர்ந்து தட்டத் தொடங்கினார்கள். அது பின்வரிசைகளுக்குப் பரவியது. கொஞ்ச நேரத்தில் முழு மண்டபமும் சூசையின் கையோடு சேர்ந்து தாளம் போட்டது. சனம் தனக்காகத் தட்டுகிறது என்று பிரவீனன் இன்னும் பலமாக இழுத்தான். இராஜரட்ணம் பொன்னாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

அன்ட்ரூ எல்லாவற்றையும் பார்த்தான். நல்ல கண்ணாலேயே பார்த்தான். முதல் தட்டிலேயே அவன் எழும்பியிருக்கவேண்டும். எழும்பினால் வீடியோவுக்குள் வந்து விழுவான். எழும்பிக் கத்தினால், மாஸ்ரரை எல்லோருக்கும் முன்னால் அவமானப்படுத்திய மாதிரி இருக்கும், பிள்ளையின் வெற்றியைக் கெடுத்த மாதிரி இருக்கும். மாஸ்ரர் இதோ ஊதிவிடுவார் என்று நினைத்தான். இராஜரட்ணத்தின் முகத்தைப் பார்த்தான். பிறகு திரும்பவும் மாஸ்ரரைப் பார்த்தான். இப்படி ஒரு முகத்தில் இருந்து இன்னொரு முகத்துக்கு அவன் பார்வை போய்க்கொண்டிருந்தபோதுதான் சூசையின் முழங்கை போனது. காய்ந்த தடி முறிகிற சத்தம் என்றெல்லாம் பிறகு சனம் சொன்னது. அப்படி ஒன்றும் கேட்கவில்லை. கைதட்டலில் எதுவும் கேட்கவில்லை. சூசையின் இடது கை நின்றுவிட்டது, அவ்வளவுதான். அது வழுகி நிலத்தில் விழுந்தது. மாஸ்ரர் உடனே விசிலை ஊதினார்.

'சிறிய உபாதை' என்றார் ஸ்ரீதரன் ஒலிவாங்கியில். கடைசி வரிசையில் இருந்து யூஜினி வந்தாள். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு, ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்காமல் வந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். ஆளைத் தூக்கத் தெரியும். தம்பியின் கையைத் தன் சால்வையால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி, பக்கவாட்டுக் கதவால் கூட்டிக்கொண்டு போனாள். அன்ட்ரூ அவர்களோடு போக இரண்டு அடி வைத்தான். அப்போது அவனுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். குருவுக்குப் பொன்னாடை. நின்றான். திரும்பினான். கழுத்தை நீட்டினான். ஸ்ரீதரன் ஒலிவாங்கியை நீட்டியபோது இரண்டு வார்த்தையும் பேசினான். மாணவன் பிரவீனனின் விடாமுயற்சியைப் பற்றி. பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். கத்தரிக்காய்ப் பொரியல் போன வருடத்தைவிட நன்றாக இருந்தது என்று பேச்சு.

சூசையின் முழங்கைக்குச் சத்திரசிகிச்சை செய்து, தோளில் இருந்து மணிக்கட்டு வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். அன்ட்ரூ ஆஸ்பத்திரிக்குப் போனான். சூசை தூக்கத்தில் இருந்த நேரமாகப் பார்த்துப் போனான். மேசையில் பழங்களை வைத்துவிட்டு வந்தான்.

நிலக்கீழ் அறையோ நிரம்பி வழிந்தது. அரங்கேற்றத்தின் வீடியோ வீடு வீடாகப் போனது. பிக்கரிங்கில் இருந்தெல்லாம் தாய் தகப்பன்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, எத்தனை மாதத்தில் அரங்கேற்றம் செய்யலாம் என்று கேட்டார்கள். இராஜரட்ணம் தேங்காய்ப் பெட்டிகளை அகற்றிப் புது மெத்தை போட்டுக் கொடுத்தார். முன்பு அடிபட்ட ஆட்கள் ஒவ்வொருவராக வராமல் நின்றார்கள். ஒருவனும் சண்டை பிடித்துக்கொண்டு போகவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். அன்ட்ரூ அதைப் பெரிதாக எடுக்கவில்லை, அல்லது எடுக்கவில்லை என்று மனைவி கிளடிஸிடம் சொன்னான். அவள் கேட்கவே இல்லை.

பிரச்சினை நவம்பர் மாதச் சண்டையில்தான். சூசையின் இடம் வெறுமையாகக் கிடந்தது. பிரவீனன் அதைத் தனக்குக் கேட்டான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது: கூடத்தில் சிறந்தவன் சூசை என்று எல்லோரும் சொன்னார்கள், அந்தச் சூசையின் கையை அவன் முறித்தான், அப்படியானால் சிறந்தவன் யார்? கை முறிந்ததோடு தன் ஏற்பாட்டையே மறந்துபோன தகப்பனுக்கு மகன் பத்திரிகையில் வருவது இப்போதே கண்ணுக்குத் தெரிந்தது. அன்ட்ரூ உண்மையைச் சொல்லியிருக்கலாம். தம்பி, அன்றைக்கு உனக்குக் கை தந்தார்கள், நீ எடுக்கவில்லை என்று ஒரே ஒரு வசனம். அதைச் சொன்னால் அரங்கேற்றம் பொய்யாகும், பொன்னாடை பொய்யாகும், புது மெத்தையும் போகும். லுக்குக்குப் போன் எடுத்தான்.

லுக் அவனை நம்பவில்லை. முன்பு இரண்டு தரம் அன்ட்ரூ அனுப்புவதாகச் சொன்ன ஆட்கள் வந்து சேரவில்லை. புது ஆள் எப்படி என்று சூசையே எனக்குப் போனில் சொல்லட்டும், அவன் சொன்னால் எடுக்கிறேன் என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு, அன்ட்ரூ மோர்னிங்சைடுக்குப் போனான். அக்காவும் தம்பியும் இருந்தது ஒரு உயரமான கட்டடத்தில், லிஃப்டில் மீன் குழம்பு மணக்கும் கட்டடம். யூஜினி கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை; வழியை விட்டு விலகினாள்.

சூசை சோபாவில் இருந்தான். மாவுக்கட்டு ஒரு தலையணையின் மேல் கிடந்தது. டொக்டர் என்ன சொல்கிறார் என்று அன்ட்ரூ கேட்டான். கை முழுசாக நீளாதாம் என்றான் சூசை. கோப்பை கழுவலாமாம்.

அன்ட்ரூ வளவளவென்று சுற்றி வந்தான். கூடம் பெரிதாகிவிட்டது, சூசை சுகமானதும் வந்து பிள்ளைகளுக்குப் பழக்கலாம், இராஜரட்ணம் அண்ணை சம்பளமே தருவதாகச் சொன்னார் என்றான். அப்படி அவர் சொல்லவில்லை. யூஜினி குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்த அலுவலைச் சொல்லுங்கோ," என்றாள். "சோறு அடுப்பில கிடக்கு."

சொன்னான். சொல்லும்போது மெத்தென்று சொன்னான், ஆனாலும் விஷயம் விஷயம்தானே. சூசையின் இடம், பிரவீனனுக்கு, சூசையின் வாயால்.

யூஜினி சிரித்தாள். ஒரு சொட்டுச் சந்தோஷம் இல்லாத சிரிப்பு. "கையை முறிச்சவனுக்கு, முறிஞ்சவன் சேட்டிபிக்கட் குடுக்கவேணும். அதை வாங்க நீங்கள் பூசை உடுப்போட வந்திருக்கிறியள்."

"அக்கா, நீ பேசாமல் இரு," என்றான் சூசை. "நம்பரைச் சொல்லுங்கோ அண்ணை."

அன்ட்ரூவுக்கு ஒரு கணம் நெஞ்சு லேசானது. பொடியன் நல்லவன், கோபம் வைக்கமாட்டான் என்று நினைத்தான். நம்பரைச் சொன்னான். சூசை இடது கையால் மெல்ல மெல்லச் சுழற்றினான். லுக் எடுத்தான்.

சூசையின் ஆங்கிலம் உணவகத்துப் பின்கட்டில் கற்ற ஆங்கிலம். சின்னச் சின்ன வசனம், ஒன்றும் தவறாமல் விளங்கும். தன் கையை முறித்தவன் இந்தப் பிரவீனன்தான் என்றான். என்னை நீ பார்த்திருக்கிறாய், என் கையையே முறித்தான் என்றால் அவன் எப்படிப்பட்டவன் என்று யோசித்துப் பார் என்றான். புது ஆள் என்று சின்ன ஆளாகப் பார்த்துக் கொடுக்காதே, எனக்கு வைத்திருந்த ஆளையே கொடு என்றான். அவன் தாங்குவானா என்று லுக் கேட்டிருக்கவேண்டும். "நல்லாத் தாங்குவான்," என்றான் சூசை ஆங்கிலத்தில். "அவசரப்பட்டு வேளைக்கு நிப்பாட்ட வேண்டாம் எண்டு உன்ர நடுவருக்குச் சொல்லு. அவனுக்குக் கோபம் வரும்."

போனை வைத்தான்.

குசினியில் சோறு கொதித்துத் தளும்பியது. யூஜினி போய் நெருப்பைக் குறைத்துவிட்டு வந்தாள். அன்ட்ரூவுக்கு விளங்காமல் இல்லை. அந்த மரப்பட்டறைக்காரனின் சண்டைகளைச் சூசையோடு உட்கார்ந்து வீடியோவில் பார்த்தவன் அவன். கீழே விழுந்தவனின் மேல் ஏறி இருந்து, அவசரமில்லாமல், பாண் மாவைக் குழைக்கிற மாதிரி முகத்தில் குத்துகிறவன் அந்த ஆள். பிரவீனன் முதல் ரவுண்டின் பாதிக்கு வரமாட்டான்.

"சூசை, அவன் சாவான்."

"ஓம்," என்றான் சூசை. "இல்லாட்டில் நிப்பாட்டுங்கோ. போன் உதில கிடக்கு. திருப்பி எடுத்து, அண்டைக்கு நடந்தது நாடகம், நான்தான் செய்விச்சனான் எண்டு லுக்குக்குச் சொல்லுங்கோ. பிரவீனனுக்கும் சொல்லுங்கோ. நான் மறிக்கமாட்டன்."

அன்ட்ரூ போனைப் பார்த்தான். சோபாவின் கைப்பிடியில், எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தது. அவன் கையைக்கூட நீட்டினான். போனின் மேல் விரல் பட்டது. யூஜினி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் அவன் சொல்லியிருந்தால் அவனுக்கு அந்த வீட்டில் ஒரு பிடி சோறு கிடைத்திருக்கும்.

"இராஜரட்ணம் அண்ணை கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?" என்றான் அன்ட்ரூ.

சூசை முகத்தைத் திருப்பித் தொலைக்காட்சியைப் போட்டான். ஐஸ் ஹொக்கி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கத் தொடங்கினான், உண்மையாகவே பார்த்தான். அன்ட்ரூ என்ற ஒருவன் அறையில் இருப்பது அவனுக்கு இனி ஒரு விஷயமாகத் தெரியவில்லை.

அன்ட்ரூ இன்னும் ஏதோ சொன்னான். பிரவீனனைத் தான் நன்றாகத் தயார் செய்வான், மூலையில் தான்தான் நிற்பான், நிலைமை மோசமானால் துவாயை எறிந்து சண்டையை நிறுத்துவான் என்று. யூஜினி கதவைத் திறந்து பிடித்தாள். அவன் பேசி முடிக்கும்வரை அவள் பொறுத்திருக்கவில்லை. அவன் வாசலில் கழற்றி வைத்திருந்த சப்பாத்துகளைக் காலால் நடைபாதைக்குத் தள்ளினாள்.

"போயிட்டு வாங்கோ, கோச்," என்றாள்.

அவன் வெளியே வந்து, ஒரு காலில் நின்று, சப்பாத்தைக் கொழுவினான். மற்றச் சப்பாத்துக்குள் கால் போகும் முன்னே கதவு சாத்தப்பட்டது. பூட்டு ஒரு தரம் திரும்பியது, இன்னொரு தரம் திரும்பியது, பிறகு உள்ளே சங்கிலியை இழுத்து மாட்டினாள்.